கொரோனா காலத்தில் ஓட்டுரிமையைத் தடுத்தது யார்? விஸ்கான்சின் 2020

கேட்டவர் எழுதியிருப்பது இது: "2020 ஏப்ரலில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது மக்களை மணிக்கணக்கில் வரிசையில் நிற்கவைத்துத் தேர்தல் நடத்தினார்கள். தபால் ஓட்டு ஜனநாயகக் கட்சிக்கு லாபம் என்பதால் குடியரசுக் கட்சி வேண்டுமென்றே அதைத் தடுத்ததா?" இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஓட்டுப் போடுவது உண்மையிலேயே தடுக்கப்பட்டதா, தடுத்தது யார் என்பது ஒன்று. தபால் ஓட்டால் ஒரு கட்சிக்கு லாபம் உண்டா என்பது இரண்டாவது. லாபம் இருக்கிறதோ இல்லையோ, இருப்பதாக நம்பிக்கொண்டு கட்சிகள் அப்படி நடந்துகொண்டனவா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் பதில் வேறு வேறு. பெரும்பாலான சண்டை இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிறது.

நான் வழக்கறிஞன் இல்லை. விஸ்கான்சினில் ஒரு சிறு ஊரில் 2010 முதல் ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சாவடிப் பணியாளனாக உட்கார்ந்து வருகிறேன். விதிகளைப் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன், கவர்களைப் பிரித்திருக்கிறேன். 2020 ஏப்ரல் 7-ஆம் தேதி காலை 7 மணியிலிருந்து இரவு வரை முகக்கவசத்தோடு அந்த மேசையில்தான் இருந்தேன். அதனால் இந்தப் பதிலில் சட்டத்தைவிட நடைமுறை அதிகமாக இருக்கும்.

முதலில் நடந்தது என்னவென்று பார்ப்போம். அன்று அதிபர் வேட்பாளருக்கான முதனிலைத் தேர்தல் மட்டும் இல்லை. மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி இடத்துக்கும், ஆயிரக்கணக்கான உள்ளூர்ப் பதவிகளுக்கும் தேர்தல். ஆளுநர் டோனி எவர்ஸ் ஜனநாயகக் கட்சிக்காரர். சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை. மார்ச் 25 முதல் எல்லோரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஆளுநரின் அரசு உத்தரவு போட்டது. தேர்தலைத் தள்ளிவைக்க மட்டும் அப்போது அவரே தயாராக இல்லை. மார்ச் 27-இல்தான் எல்லா வாக்காளருக்கும் வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பலாம் என்றார், சட்டமன்றத் தலைவர்கள் மறுத்தார்கள். ஏப்ரல் 4-ஆம் தேதி சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். அவையைத் திறந்த கையோடு, ஒரு விவாதமும் இல்லாமல் ஒத்திவைத்துவிட்டார்கள். தேர்தலுக்கு முந்தைய நாள் ஆளுநர் தன் அதிகாரத்தில் ஜூன் 9-க்குத் தள்ளிவைத்தார். அன்றே மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 2 என்று அதை ரத்து செய்தது. அதே மாலையில் வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று இன்னொரு தீர்ப்பு கொடுத்தது: தபால் ஓட்டு ஏப்ரல் 13 வரை வந்து சேரலாம், ஆனால் ஏப்ரல் 7-க்குள் தபால் முத்திரை விழுந்திருக்க வேண்டும்.

வாக்குச்சாவடியில் இருப்பவனுக்கு இந்தக் கடைசி வரியின் பொருள் என்ன? வாக்குச்சீட்டு கேட்டு விண்ணப்பித்து, அது இன்னும் கைக்கு வந்தே சேராதவர்கள் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். வராத சீட்டுக்கு முத்திரை எங்கிருந்து விழும்? வந்து சேர்ந்த கவர்களிலும் பலவற்றில் முத்திரையே இல்லை, சிலவற்றில் தேதி தெரியாமல் தேய்ந்துபோயிருந்தது. தபால் துறை எல்லா வகைக் கவருக்கும் முத்திரை குத்துவதில்லை என்பது அந்த வாரத்துக்கு முன்பு எங்களில் யாருக்கும் பொருட்டாகத் தோன்றியதே கிடையாது. எந்தக் கவரை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பது கடைசியில் ஒவ்வோர் ஊரிலும் தேர்தலை நடத்தும் அதிகாரியான கிளார்க்கின் கையில் போய் விழுந்தது.

எங்கள் சாவடியில் அன்று மாலை நாலு மணி இருக்கும். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். மூன்று வாரத்துக்கு முன்பே தபால் சீட்டுக்கு விண்ணப்பித்தவர். அன்றைய தபால் வரும்வரை வீட்டு வாசலில் காத்திருந்து பார்த்துவிட்டு, வரவில்லை என்றதும் கிளம்பி வந்திருக்கிறார். அடையாள அட்டையைக் கண்ணாடித் தடுப்பில் ஒட்டினாற்போல் பிடித்துக் காட்டினார், கை நடுங்கியது. என் பக்கத்து மேசையில் வழக்கமாக உட்காரும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்குப் பதில், சாதாரண உடையில் தேசியக் காவல்படைப் பையன் ஒருவன் இருந்தான். பணியாளர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள் என்பதால் மாநிலம் முழுக்க ஆள் இல்லாமல் போய், சுமார் 2,400 காவல்படையினரை இந்த வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த அம்மா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, ஓட்டுப் போட்டுவிட்டுப் போகும்போது பேனாவைத் திருப்பித் தரலாமா என்று கேட்டார். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றோம்.

அதைவிட மனதில் தங்கிப்போனது ஒரு கவர். விஸ்கான்சினில் தபால் ஓட்டுக் கவரின் மேல் வாக்காளர் கையெழுத்தோடு, இன்னொருவரின் சாட்சிக் கையெழுத்தும் முகவரியும் வேண்டும். தனியாக வாழ்பவர், தொற்றுக்குப் பயந்து யாரையும் பார்க்காதவர், சாட்சிக்கு எங்கே போவார்? ஏப்ரல் 2-இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி, அப்படிப்பட்டவர்கள் சாட்சி கிடைக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று தளர்த்தினார். மறுநாளே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இடையில் சிக்கியவர் ஒருவரின் கவர் எங்கள் மேசைக்கு வந்தது. சாட்சிக்கான கட்டத்தில், "மூன்று வாரமாக இந்த வீட்டுக்குள் என்னைத் தவிர யாரும் வரவில்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். பெயரை உரக்க வாசித்தோம், பதிவேட்டில் பார்த்தோம், ஒதுக்கப்பட்ட கவர்களோடு வைத்தோம். எங்களுக்கு வேறு வழி இல்லை. அன்றைய தேர்தலில் மாநிலம் முழுக்க இப்படித் தள்ளப்பட்ட தபால் ஓட்டுகள் 23,000-க்கும் மேல். ஏழு மாதம் கழித்து அதே மாநிலத்தில் பைடனுக்கும் டிரம்புக்கும் இருந்த வித்தியாசம் 20,682 ஓட்டு.

ஆகவே முதல் கேள்விக்கு, தடுக்கப்பட்டது உண்மைதான், சந்தேகமே இல்லை. ஆனால் தடுத்தது யார் என்பதில் பரவலாகச் சொல்லப்படும் கதை பாதிதான் சரி. மில்வாக்கி நகரத்தில் வழக்கமாக 180 வாக்குச்சாவடிகள், அன்று 5. கிரீன் பே நகரத்தில் 31, அன்று 2. இரவு 8 மணிக்குக் கதவு மூடும் நேரம் தாண்டியும் வரிசை நின்றது. அந்த 5 என்ற எண்ணைக் குடியரசுக் கட்சி முடிவு செய்யவில்லை. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான மில்வாக்கி நகர நிர்வாகம், பணியாளர் இல்லை என்று எடுத்த முடிவு அது. அதே கட்சிக்கு அதைவிடப் பெரிய கோட்டையான மேடிசன் நகரம் அன்று 66 சாவடிகளைத் திறந்து வைத்திருந்தது. மில்வாக்கி நகரத்தால் இன்னும் அதிகம் செய்திருக்க முடியும் என்றே நான் நினைக்கிறேன். அந்த வரிசையில் நின்றவர்களில் கணிசமானோர் கறுப்பினத்தவர். அப்போது அந்த மாவட்ட மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ கால்வாசி. கொரோனாவில் இறந்தவர்களிலோ அவர்களே பெரும்பான்மை. இதை எந்தக் கட்சிக்காரர் சாதாரணமாகச் சொன்னாலும் நான் சும்மா கேட்டுக்கொண்டு போகமாட்டேன்.

அதே சமயம், தேதியைத் தள்ளிவைக்கவோ எல்லோருக்கும் சீட்டு அனுப்பவோ சட்டத்தில் அதிகாரம் இருந்தது சட்டமன்றத்துக்கு. அது அவையைத் திறந்து மூடியது. ஆளுநர் இரண்டு வாரம் தாமதித்தது பிழை. விவாதிக்கவே மறுத்தது அதைவிடப் பெரிய பிழை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து "ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்று நான் சொல்லமாட்டேன். இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏப்ரல் 13 வரை வந்து சேரலாம் என்று கீழ் நீதிமன்றம் கொடுத்திருந்த நீட்டிப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைவைக்காமல் விட்டதால், தேர்தல் நாளுக்குப் பின் வந்த சுமார் 79,000 ஓட்டுகள் எண்ணப்பட்டன. அதுவும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இவ்வளவு மூர்க்கமாக ஏன் சண்டை? அந்த நீதிபதி இடம்தான் காரணம் என்பது என் கருத்து. யாருடைய மனதுக்குள்ளும் புகுந்து பார்த்துச் சொல்லவில்லை, நடந்தவற்றை வரிசையாக வைத்துச் சொல்கிறேன். பதவியில் இருந்த டேனியல் கெல்லி பழமைவாதப் பக்கம், எதிர்த்து நின்ற ஜில் கரோஃப்ஸ்கி முற்போக்குப் பக்கம். பெரிய நகரங்களில் ஓட்டுக் குறைந்தால் கெல்லிக்கு நல்லது என்று இரண்டு தரப்பும் கணக்குப் போட்டன. கணக்கு தப்பியது. ஏறத்தாழ 15.5 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள், அதில் 11 லட்சத்துக்கும் மேல் தபாலிலும் முன்கூட்டியும் வந்தவை. கரோஃப்ஸ்கி 1,60,000-க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த டிசம்பரில், மில்வாக்கி மாவட்டத்திலும் மேடிசன் இருக்கும் டேன் மாவட்டத்திலும் பதிவான 2,20,000-க்கும் அதிகமான ஓட்டுகளைத் தள்ளுபடி செய்யக் கேட்ட டிரம்பின் வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. 14-ஆம் தேதி 4-க்கு 3 என்று தள்ளுபடியானது. அந்த நாலு பேரில் கரோஃப்ஸ்கியும் ஒருவர். ஏப்ரலில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நாங்கள் எண்ணியது எதற்கு என்று எனக்கு அன்றுதான் முழுதாக உறைத்தது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், தபால் ஓட்டு யாருக்கு லாபம். இதில் ஆய்வுகள் கிட்டத்தட்ட ஒரே குரலில் பேசுகின்றன. கலிபோர்னியா, யூட்டா, வாஷிங்டன் மாநிலங்களில் எல்லோருக்கும் தபாலில் சீட்டு அனுப்பும் முறை மாவட்டம் மாவட்டமாக அறிமுகமானதை வைத்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, வாக்குப்பதிவு கொஞ்சம் கூடுகிறது, எந்தக் கட்சியின் பங்கும் மாறவில்லை என்று கண்டது. யூட்டா குடியரசுக் கட்சியின் கோட்டை, அங்கே பெருந்தொற்றுக்கு முன்பே ஏறத்தாழ எல்லோரும் தபாலில்தான் ஓட்டுப் போட்டார்கள். பென்சில்வேனியாவில் காரணம் சொல்லாமலே தபால் ஓட்டுக் கேட்கலாம் என்ற சட்டம் 2019 அக்டோபரில் வந்தது. குடியரசுக் கட்சிப் பெரும்பான்மையுள்ள சட்டமன்றம் நிறைவேற்றி, ஜனநாயகக் கட்சி ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம் அது. புளோரிடாவில் தபால் ஓட்டை நேர்த்தியாக வளர்த்ததே குடியரசுக் கட்சிதான்.

அப்படியிருந்தும் ஒரே ஆண்டில் இது கட்சிச் சின்னம்போல் ஆகிவிட்டது. தேர்தலுக்கு நிதி ஒதுக்கவும் தபால் ஓட்டை விரிவாக்கவும் ஜனநாயகக் கட்சி வைத்த யோசனைகளைப் பற்றி 2020 மார்ச் 30-இல் டிரம்ப் தொலைக்காட்சியில் பேசும்போது, அவற்றை ஏற்றிருந்தால் இந்த நாட்டில் இனி ஒரு குடியரசுக் கட்சிக்காரரும் ஜெயிக்கமுடியாது என்ற பொருளில் சொன்னார். பிறகு மாதக்கணக்கில் தபால் ஓட்டு என்றாலே மோசடி என்று பேசினார், அவரே புளோரிடாவில் தபாலில் ஓட்டுப் போட்டவர். அந்தப் பேச்சை அவருடைய வாக்காளர்கள் நம்பினார்கள். விளைவு, ஒரு கட்சிக்காரர்கள் தபாலிலும் இன்னொரு கட்சிக்காரர்கள் நேரிலும் ஓட்டுப் போட ஆரம்பித்தார்கள். எங்கள் சாவடியில் நவம்பரில் இதைக் கண்ணால் பார்த்தேன். பத்து வருஷமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த வயதான விவசாயிகள், அந்தத் தடவை இருமலோடு நேரில் வந்து நின்றார்கள். தபால் ஓட்டை வெறுக்கச் சொன்னதால் முதலில் நஷ்டப்பட்டது அந்த மனிதர்கள்தான். அவர்கள் பக்கத்து அரசியல் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அன்று எனக்குக் கோபம் வந்தது அவர்களுக்காகத்தான்.

சந்தேகத்துக்கு உரியது எது என்றும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 7 வரிசைகளால் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்பதற்கு உறுதியான விடை கிடையாது. நேரில் ஓட்டுப் போட்டவர்கள் அதிகமாக இருந்த மாவட்டங்களில் சில வாரம் கழித்துத் தொற்று கூடியது என்று ஓர் ஆய்வு சொன்னது. கண்ணுக்குத் தெரியும்படியான ஏற்றமே இல்லை என்று வேறொன்று சொன்னது. அப்போது பரிசோதனையே குறைவு, கடையிலா வரிசையிலா எங்கே தொற்றியது என்று பிரித்தறிய வழியில்லை. "அந்தத் தேர்தல் ஆட்களைக் கொன்றது" என்று அடித்துச் சொல்பவரையும், "ஒன்றுமே ஆகவில்லை" என்று சொல்பவரையும் நான் ஒரே அளவுதான் நம்புவேன். எத்தனை பேர் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்ற எண்ணிக்கையும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

எல்லாக் குடியரசுக் கட்சிக்காரர்களும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள் என்று எண்ணவும் வேண்டாம். ஒஹாயோவில் மார்ச் 17-ஆம் தேதி முதனிலைத் தேர்தல். முந்தைய நாள் தள்ளிவைக்க நீதிபதி மறுத்துவிட்டார். குடியரசுக் கட்சி ஆளுநர் மைக் டிவைன், இரவோடு இரவாகச் சுகாதாரத் துறை இயக்குநரின் உத்தரவின் பேரில் சாவடிகளைத் திறக்காமல் செய்தார். பிறகு பெரும்பாலும் தபால் வழியாக ஏப்ரல் 28-இல் தேர்தல் முடிந்தது. சட்டப்படி அது சரியா என்று கேட்டால் எனக்கு உறுத்தல் உண்டு, ஏனென்றால் சுகாதார உத்தரவைக் காட்டித் தேர்தலை நிறுத்தும் வழக்கம் தவறான கையில் விழுந்தால் ஆபத்து. டெக்சாஸ் ஆளுநர் கிரெக் ஆபட் முன்கூட்டி ஓட்டுப்போடும் நாட்களை ஆறு நாள் கூட்டினார், அதற்காக அவருடைய சொந்தக் கட்சியினரே அவர்மேல் வழக்குப் போட்டார்கள். அதே ஆபட்தான் அக்டோபர் 1-இல், தபால் ஓட்டை நேரில் கொண்டுவந்து கொடுக்கும் இடம் மாவட்டத்துக்கு ஒன்றுதான் என்று உத்தரவிட்டார். ஹாரிஸ் மாவட்டத்தில் ஏறத்தாழ 47 லட்சம் மக்கள், அங்கே 12 இடங்கள் ஒன்றாகச் சுருங்கின. ஒரே மனிதர், ஒரே பருவம், இரண்டு எதிரெதிர் முடிவுகள்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்காக ஒன்று. தபால் ஓட்டுமேல் கட்சிகளுக்குச் சந்தேகம் வருவது அமெரிக்காவுக்கு மட்டும் உரியதில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயது கடந்தவர்களுக்கும் கொரோனா நோயாளிகளுக்கும் தபால் ஓட்டுக் கொடுப்பதை எதிர்த்து தி.மு.க. சென்னை உயர் நீதிமன்றம் போனது, நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. வேறுபாடு எங்கே என்றால், அங்கே விதியை எழுதுவது தேர்தல் ஆணையம் என்ற ஒரே அமைப்பு. சாவடிகளைக் கிட்டத்தட்ட 88,900 ஆகக் கூட்டியதும், கடைசி ஒரு மணி நேரத்தைத் தொற்று உள்ளவர்களுக்கு ஒதுக்கியதும் ஒரே இடத்து முடிவு. தென்கொரியா அதே 2020 ஏப்ரல் 15-இல் தேர்தல் நடத்தி 66.2 சதவீத வாக்குப்பதிவு கண்டது, 1992-க்குப் பிறகு அதுவரை அங்கே நடந்த நாடாளுமன்றத் தேர்தல்களில் அதுதான் அதிகம். கையுறை, காய்ச்சல் பரிசோதனை எல்லாம் இருந்தது. ஆனால் உண்மையில் கைகொடுத்தது, விண்ணப்பமே இல்லாமல் நாட்டின் எந்த முன்கூட்டிய சாவடியிலும் ஓட்டுப் போடலாம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்த விதி. விஸ்கான்சினில் 1,800-க்கும் மேற்பட்ட ஊர்களின் கிளார்க்குகள், ஒரு ஆளுநர், இரண்டு அவைகள், மூன்று அடுக்கு நீதிமன்றம் எல்லாம் ஒரே வாரத்தில் ஒரு விதியை இழுத்தன.

அமெரிக்க நீதிமன்றங்களுக்கு 2006-லிருந்து ஒரு கோட்பாடு உண்டு: தேர்தல் நெருங்கும்போது கூட்டாட்சி நீதிமன்றங்கள் விதியை மாற்றக்கூடாது, வாக்காளர் குழம்புவார். நல்ல நோக்கம்தான். சாதாரண ஆண்டில் நானும் ஆதரிப்பேன், கடைசி நாளில் விதி மாறினால் முதலில் திண்டாடுவது எங்கள் மேசைதான். ஆனால் தொற்றுநோய் தேர்தல் தேதி பார்த்து வருவதில்லை. விதியை மாற்ற வேண்டியவர்கள் மாற்ற மறுக்கும்போது, நீதிமன்றமும் "இப்போது நேரமில்லை" என்று சொன்னால், ஆபத்தின் முழு எடையும் வாக்காளரின் தலையில் இறங்குகிறது. ஏப்ரலில் கிடைத்த ஆறு நாள் நீட்டிப்பு நவம்பருக்கும் வேண்டும் என்று கேட்டபோது, அக்டோபர் 26-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்று மறுத்தது. நல்லவேளையாக ஏப்ரல் பட்டறிவு இருந்தது, மக்கள் முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள்.

கேட்டவரின் மூன்றாவது கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். லாபம் இருப்பதாகக் கட்சிகள் நம்பின, நம்பியபடியே நடந்தன, அதன் வடு விதிகளில் இன்னும் கிடக்கிறது. விஸ்கான்சினில் தபால் ஓட்டுக் கவர்களைப் போடும் பெட்டிகளைத் தெருவோரம் வைப்பதை மாநில உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் தடை செய்தது. நீதிபதிகளின் பெரும்பான்மை மாறியதும், 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் அனுமதித்தது. சட்டத்தின் ஒரு வார்த்தைகூட இடையில் மாறவில்லை.

மாறியிருக்க வேண்டிய ஒன்று மாறவில்லை. தபால் கவர்களைத் தேர்தல் நாள் காலைக்கு முன் பிரிக்கக்கூடாது என்ற விதி விஸ்கான்சினிலும் பென்சில்வேனியாவிலும் இருந்தது. அதனால்தான் 2020 நவம்பரில் மில்வாக்கியின் சுமார் 1,70,000 தபால் ஓட்டுகள் அதிகாலை மூன்று மணிக்கு மேல் மொத்தமாக அறிவிக்கப்பட்டன, "ராத்திரியில் ஓட்டைக் கொட்டினார்கள்" என்ற பொய்க்கு அதுவே விதையானது. ஒரு நாள் முன்னதாகப் பிரிக்கலாம் என்று ஒரு மசோதா வந்தது. இரண்டு கட்சியிலும் ஆதரவாளர்கள் இருந்தார்கள், மேலவையில் வாக்கெடுப்புக்கே வராமல் செத்துப்போனது. 2024 நவம்பரிலும் நாங்கள் காலை 7 மணிக்குத்தான் முதல் கவரைப் பிரித்தோம்.